உடையைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பது எப்படி? ஐரோப்பியப் பெண்களின் உடை: முழுமையான வழிகாட்டி

லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியம் இருக்கிறது. பச்சை அங்கி போட்ட இளம்பெண் ஒருத்தி, வயிற்றுக்கு முன்னால் துணியை அள்ளிப் பிடித்தபடி கணவனின் கையில் கை வைத்து நிற்கிறாள். முதல் தடவை பார்க்கிற யாருக்கும் அவள் கர்ப்பிணியாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. அவள் கையில் இருப்பது கஜக்கணக்கான கம்பளித் துணி. உள்பக்கம் முழுக்க ரோமம் வைத்துத் தைத்தது. தரையில் புரளும் நீளம் என்பதால், ஓரடி எடுத்து வைக்க வேண்டும் என்றாலும் முன்பக்கத்தை இப்படி அள்ளிப் பிடித்தாக வேண்டும். எங்கள் வீட்டில் இவ்வளவு துணி வாங்க வசதி இருக்கிறது என்று ஊருக்குக் காட்டும் உடை அது.

அந்த ஓவியத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: பழைய உடையின் உருவத்தை உடம்பு தீர்மானிப்பதில்லை. எவ்வளவு துணி, அதற்கு உள்ளே எந்தத் தாங்கி (வளையம், கூண்டு, கார்செட் மாதிரி), இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. தாங்கிகள் எப்போது வந்தன, எப்போது போயின என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அதனால் லேஸ், ரிப்பன், நகை என்று அலங்காரத்தில் கண்ணை அலையவிடாமல் உருவத்தைப் படிக்கப் பழகினால், ஒரு படத்தின் காலத்தைப் பத்து வருஷ இடைவெளிக்குள் சொல்லிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டுப் படம் என்றால் சில நேரம் மூன்று நான்கு வருஷ இடைவெளிக்கே கொண்டுவந்துவிடலாம்.

மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓரளவு வசதியுள்ள பெண்கள் அணிந்த உடைகளுக்கு இந்த முறை பொருந்தும். இடுப்புக்கு மேலே உள்ள பகுதியை ரவிக்கை என்றும், கீழே உள்ளதைப் பாவாடை என்றும் சொல்லப்போகிறேன். இரண்டும் ஒரே துணியாகத் தைத்திருந்தாலும் அப்படித்தான்.

படி 1: கையில் இருப்பது ஓவியமா, ஃபோட்டோவா, நிஜ உடையா?

உடையைப் பார்க்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபோட்டோ என்றால் 1839-க்கு முன்னால் போக முடியாது. அட்டையில் ஒட்டிய சிறிய, கிட்டத்தட்ட விசிட்டிங் கார்டு அளவுப் படம் 'கார்ட் தெ விசித்'. பாரிஸில் திஸ்தேரி என்பவர் 1854-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1860-ஐ ஒட்டித்தான் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். அதைவிடப் பெரிய, நாலே கால் அங்குல அகலமும் ஆறரை அங்குல உயரமும் கொண்ட தடித்த அட்டை 'கேபினட் கார்டு'. அது 1866-ல் வந்தது. அட்டையே ஒரு தேதி சொல்லிவிடும்.

பழைய ஃபோட்டோவில் நிறத்தை நம்பாதீர்கள். அன்றைய ரசாயனம் நீல ஒளியை நன்றாக வாங்கிக்கொள்ளும், சிவப்பையும் மஞ்சளையும் வாங்காது. அதனால் வெளிர்நீல உடை வெள்ளையாக விழும். சிவப்பு உடை கறுப்பாக விழும். 'பாவம், துக்கத்தில் இருக்கிறாள்' என்று நாம் நினைக்கும் பெண் நல்ல சிவப்புப் பட்டில் நின்றிருக்கலாம்.

ஓவியத்தில் வேறு விதமான சிக்கல்கள். ஓவியர் ஆங்க்ர், மோய்த்தெஸியே சீமாட்டி உட்கார்ந்திருக்கும் படத்தை 1844-ல் தொடங்கி 1856-ல்தான் முடித்தார். அதற்குள் ஃபேஷன் மாறிப் போனதால் உடையையும் மாற்றி வரைந்தார். இன்னொன்று: 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், 1641-ல் இறந்துபோன வான் டைக்கின் ஓவியங்களில் இருப்பது போன்ற உடையைப் போட்டுக்கொண்டு படம் வரைந்துகொள்வது ஒரு மோகமாகவே இருந்தது. உடை 1630 மாதிரியும் தலைமுடி 1770 மாதிரியும் இருந்தால் முடியை நம்புங்கள்.

படி 2: கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

இது நிஜமாகவே செய்ய வேண்டிய காரியம். படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கண்ணைப் பாதி மூடினால் லேஸும் பூவும் மறைந்துவிடும். மிஞ்சுவது ஒரு நிழல் உருவம். மணியா, முக்கோணமா, தூணா, எஸ் எழுத்தா? அந்த வடிவத்தை ஒரு தாளில் பத்துக் கோட்டில் கிறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அழகாக வரைய வேண்டும் என்பதில்லை. இடுப்பு எங்கே, பாவாடை எந்தப் பக்கம் அகலம், உடையின் கை எங்கே புடைக்கிறது, இவை மூன்றும் தெரிந்தால் போதும். இனி வரும் படிகளும் இதே வரிசையில்தான்.

படி 3: இடுப்புக் கோடு எங்கே இருக்கிறது?

இடுப்புக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இயல்பான இடத்தில் இருந்து, முன்பக்கம் கூராக இறங்கும். 1620-களிலும் 30-களிலும் விலாவுக்கு ஏறும். 1660-களில் மறுபடி நீண்ட கூர்முனை வரும், தோள்கள் திறந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இயல்பான இடுப்பு, முன்னால் கூர். 1795-ல் இருந்து 1820 வரை மார்புக்கு நேர்கீழே. 1820-களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இயல்பான இடத்துக்கு வந்துவிடும். 1840-களில் இன்னும் தாழ்ந்து கூராகும். 1908-ஐ ஒட்டி மறுபடி ஏறும். 1920-களில் இடுப்பெலும்புக்கே இறங்கிவிடும்.

இவற்றில் எல்லோருக்கும் சட்டென்று பிடிபடுவது மார்புக்குக் கீழே கட்டும் 1795–1820 காலம்தான். அதன் தொடக்கம் கொஞ்சம் முன்னால் போகிறது. 1783-ல் பாரிஸ் கண்காட்சியில் எலிஸபெத் விஜே லெ ப்ரன் வரைந்த பிரெஞ்சு ராணி மரி ஆந்த்வானெத் படம் வைக்கப்பட்டது. ராணி வெள்ளை மஸ்லின் அங்கியில், இடுப்பில் ஒரு பட்டைத் துணி கட்டி, வைக்கோல் தொப்பியோடு நிற்கிறாள். கூட்டம் கொதித்தது. உள்ளாடையோடு ராணியை நிற்க வைத்திருக்கிறார்கள் என்றார்கள். படத்தை எடுத்துவிட்டு, அதே ஓவியர் நீலப் பட்டில் ராணியை மறுபடி வரைந்து வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த 'உள்ளாடை' மாதிரியான வெள்ளைப் பருத்திதான் ஐரோப்பா முழுக்க நாகரிகம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பெண்ணின் சாதாரண சௌகரியத்தை ஊர் எவ்வளவு பெரிய குற்றமாக்கியது என்ற ஆதங்கம் எனக்கு வரும்.

ரவிக்கையின் வடிவத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைச் செய்வது உள்ளே இருக்கும் கார்செட், அதாவது உடம்பை இறுக்கிக் கட்டும் விறைப்பான உள்கச்சு. 18-ஆம் நூற்றாண்டில் அதற்கு 'ஸ்டேஸ்' என்று பெயர். உடம்பை அது கவிழ்த்த கூம்பாக்கும், முன்பக்கம் தட்டையாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உடுக்கை வடிவம். 1900-ஐ ஒட்டி முன்பக்கம் நேராக இறங்கும் கார்செட் வந்து, மார்பை முன்னாலும் இடுப்பைப் பின்னாலும் தள்ளி உடம்பையே எஸ் ஆக்கியது. உடம்பு முன்னால் சாய்ந்து நிற்பது போல் தெரிந்தால் 1900-க்கும் 1908-க்கும் நடுவில் தேடுங்கள்.

கார்செட்டுக்காக விலா எலும்பையே எடுத்தார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் சரியாக வராத காலத்தில் அப்படி ஒரு அறுவை சிகிச்சையை அழகுக்காகச் செய்துகொண்டு உயிரோடு வருவது நடக்கிற காரியமில்லை. படங்களில் நாம் பார்க்கும் நம்ப முடியாத சிறிய இடுப்பில் பாதி, ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைச் சுரண்டிச் செய்தது. இடுப்புக்குப் பக்கத்தில் பின்னணி மட்டும் மங்கலாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மீதிப் பாதி கண் ஏமாற்று: தோளையும் பாவாடையையும் பெரிதாக்கினால் நடுவில் இருப்பது தானாகவே சிறிதாகத் தெரியும்.

படி 4: பாவாடை எந்தப் பக்கம் அகலம்?

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். இருப்பதிலேயே அதிகம் சொல்வது பாவாடைதான்.

வளையம் வைத்த பாவாடை முதலில் தோன்றியது 15-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில். பாவாடையில் வரிசையாக வளையம் தைத்து நிறுத்தினார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் அதை ஃபார்திங்கேல் என்றார்கள். 16-ஆம் நூற்றாண்டு நடுவில் அது ஒரு கூம்பு: இடுப்பில் குறுகி, கீழே போகப் போக விரியும். 1590-ஐ ஒட்டி வடிவம் மாறியது. இடுப்பைச் சுற்றி ஒரு சக்கரத்தைக் கிடையாக வைத்து, அதன் விளிம்பில் இருந்து துணி செங்குத்தாக விழுந்தது. முதலாம் எலிஸபெத்தின் கடைசிக் காலப் படங்களில் ஏதோ மேஜைக்குப் பின்னால் நிற்பது போல் இருப்பது இதனால்தான்.

ஐரோப்பாவின் மற்ற பகுதிகள் 1620 வாக்கில் வளையத்தைக் கைவிட்ட பிறகும் ஸ்பெயின் விடவில்லை. மத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸ் 1656-ல் வரைந்தது. அதில் நிற்கும் குட்டி இளவரசியின் பாவாடை இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி நீண்டிருக்கும். அதே வருஷம் பாரிஸில் அப்படி யாரும் உடுத்தவில்லை. ஆகவே படத்தின் தேதியைக் கேட்கும்போதே, எந்த ஊர் என்றும் கேட்க வேண்டும்.

1710-களில் வளையம் திரும்பி வந்தது. முதலில் மணி வடிவம். அப்புறம் முன்னும் பின்னும் தட்டையாகி, இரண்டு பக்கமும் மட்டும் அகலமாகியது. இதுதான் 'பானியே', கூடை என்று அர்த்தம். 1740-களில் ஆங்கில அரசவை உடைகள் சில ஆறடி அகலத்தை நெருங்கின. கதவில் நுழைய வேண்டும் என்றால் பக்கவாட்டில் திரும்பிப் போக வேண்டும். அந்த அகலம் முழுக்க வெள்ளி ஜரிகை பின்னிய ஒரே துணி. படம் மாட்டிய சுவரே நடந்து வருவது மாதிரி இருக்கும். ஆங்கில அரசவையில் வளையம் கட்டாயம் என்ற விதி 1820 வரை இருந்தது. அதனால் மார்புக்குக் கீழே இடுப்பு வைத்த காலத்தில், அங்கே இருந்தே வளையப் பாவாடை விரியும் விசித்திரமான படங்கள் கிடைக்கும். அவை அரசவைக்குப் போக உடுத்தியவை.

அடுத்து 19-ஆம் நூற்றாண்டின் கிரினோலின். பலர் இதையும் பானியேவையும் குழப்பிக்கொள்வார்கள். கிரினோலின் எல்லாப் பக்கமும் வட்டமாக விரியும், பானியே பக்கத்தில் மட்டும். இது ஒன்றை நினைவில் வைத்தால் நூறு வருஷப் பிழை வராது. 'கிரின்' என்றால் குதிரை மயிர். முதலில் குதிரை மயிர் சேர்த்து நெய்த விறைப்பான உள்பாவாடைக்குத்தான் அந்தப் பெயர். 1850-களின் தொடக்கத்தில் பாவாடை விரிய வேண்டும் என்றால் அதையும் சேர்த்து ஐந்தாறு உள்பாவாடை கட்ட வேண்டியிருந்தது. விண்டர்ஹால்டர் 1855-ல் வரைந்த பேரரசி யூஜெனியும் தோழிகளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். துணி மேகம் மாதிரி குழைந்து கிடக்கிறது.

1856-ல் எஃகு வளையக் கூண்டு காப்புரிமை பெற்றது. நாடாவில் தொங்கும் மெல்லிய எஃகு வளையங்கள், அவ்வளவுதான். அத்தனை உள்பாவாடைச் சுமையும் ஒரே நாளில் போயிற்று. கால்கள் உள்ளே தாராளமாக நடந்தன. இன்று கூண்டு என்றாலே அடக்குமுறை என்று நினைக்கிறோம், ஆனால் முந்தைய சுமையைத் தூக்கியவர்களுக்கு அது விடுதலையாக இருந்தது. ஆபத்தும் இருந்தது. பாவாடையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்றே உடுத்தியவளுக்குத் தெரியாது. கணப்பு, மெழுகுவத்தி, மேடை விளக்கு எதுவும் எமன் ஆகலாம். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரிகள் இருவர் 1871-ல் உடையில் தீப்பற்றி இறந்தார்கள்.

கூண்டின் வடிவமும் மாறிக்கொண்டே போனது. 1860 வரை முழு வட்டம். 1864-ல் முன்பக்கம் தட்டையாகி, விரிவெல்லாம் பின்னால் ஒதுங்க ஆரம்பித்தது. 1869-ல் மிச்சம் இருந்தது பின்பக்கம் மட்டும். அதுதான் பஸ்ஸில்.

பஸ்ஸில் இரண்டு முறை வந்தது, நடுவில் ஒரு இடைவேளை. 1869 முதல் 1876 வரை வந்தது மென்மையானது: அடுக்கடுக்காகத் துணி, ஃப்ரில், பின்னால் அருவி மாதிரி வழியும். 1877 முதல் 1882 வரை பஸ்ஸில் இல்லை. ரவிக்கை இடுப்பைத் தாண்டித் தொடை வரை ஒட்டி இறங்கும், பாவாடை முழங்காலைக் கட்டிப்போடும் அளவுக்கு ஒடுங்கும். 1883 முதல் 1889 வரை வந்த இரண்டாவது பஸ்ஸில் ஒரு பலகை மாதிரி. முதுகில் இருந்து செங்கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஓவியர் ஸோரா 1884–86-ல் வரைந்த கிராந்த் ஜாத் தீவு ஓவியத்தில், வலப்பக்கம் குடையோடும் குரங்கோடும் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அந்த விளிம்பின் மேல் ஒரு டீ கப்பை வைக்கலாம்.

1890-களில் பின்பக்கம் அமைதியாகிவிடும். பாவாடை வெறும் மணி. 1910-ல் கணுக்காலில் ஒடுங்கிய 'ஹாபிள்' பாவாடை வரும், தப்படி வைக்க முடியாது. 1915-ல் முதல் உலகப் போர் நடக்கும்போது பாவாடை திடீரென்று அகன்று, கணுக்காலுக்கு மேலே ஏறியது. 1920-கள் என்றாலே முழங்கால் என்று நினைப்பது தவறு. 1923-ல் பல உடைகள் கணுக்கால் வரை இருந்தன. முழங்கால் 1926–28-ல்தான், 1930-ல் மறுபடி இறங்கிவிட்டது. அதே சமயத்தில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் மதலென் வியோனே துணியைச் சாய்வாக வெட்டித் தைத்தார். தையல்காரர்கள் கிராஸ் கட்டிங் என்பார்களே, அதுதான். எந்தத் தாங்கியும் இல்லாமல் உடம்பின் மேல் வழுக்கி விழும் உடை 1930-கள். பிரிட்டனில் 1941 ஜூன் 1-ல் துணிக்கு ரேஷன் வந்து 1949 வரை நீடித்தது. தோள் பட்டையும் முழங்கால் நீளச் சிக்கனப் பாவாடையும் அந்தக் காலம். 1947 பிப்ரவரி 12-ல் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் கஜக்கணக்கில் துணி வைத்த பாவாடையைக் காட்டியபோது சிலருக்கு ஆனந்தம், சிலருக்குக் கோபம். இரண்டுமே நியாயம்தான்.

படி 5: கை எங்கே புடைக்கிறது?

பாவாடை பத்தாண்டைச் சொல்லும், கை வருஷத்தைச் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த படி இது.

பெரிய பஃப் கை 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு முறை உச்சத்துக்குப் போனது: 1830–36-ல் ஒரு தடவை, 1895–96-ல் ஒரு தடவை. இரண்டையும் ஆட்டுத்தொடைக் கை என்றுதான் சொன்னார்கள். வித்தியாசம் தோளில் இருக்கிறது. 1830-களில் தோள் சரிந்து விழும். கையை இணைக்கும் தையல் தோளில் இருக்காது, மேற்கையில் இறங்கி இருக்கும். புடைப்பு முழங்கையை நோக்கித் தொங்கும். உள்ளே இறகு திணித்த சிறு தலையணைகளைக் கட்டி நிறுத்துவார்கள். 1895-ல் தோள் நிமிரும். தையல் சரியாகத் தோள் மூட்டில் இருக்கும், புடைப்பு அங்கிருந்தே மேலே எழும்பும்.

1836-ல் முதல் பஃப் திடீரென்று விழுந்தது. மேலே இருந்த துணியை மடிப்பு வைத்து அடக்கிவிட, மிச்சம் முழங்கைக்கு இறங்கியது. 1840-களில் கை ஒட்டிப் போயிற்று. தையல் தாழ்ந்தே இருந்ததால் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது. 1850-களில் மணி மாதிரி விரிந்த கை, உள்ளே தனியாகக் கட்டும் வெள்ளைக் கை. 1880-கள் முழுக்க ஒட்டிய கை. 1889-ல் தோள் மேட்டில் ஒரு சின்னக் கூர்ப்பு எழும், விரலால் கிள்ளித் தூக்கிய மாதிரி. 1892-ல் அது பந்தாகும், 1895-ல் பலூன், 1897-ல் மறுபடி தோளில் ஒரு சிறு முடிச்சு. கூர்ப்பில் இருந்து முடிச்சு வரை எட்டே வருஷம்.

18-ஆம் நூற்றாண்டில் கை முழங்கையோடு முடிந்து, அங்கே லேஸ் அடுக்கு தொங்கும். மியூனிக்கில் இருக்கும், ஓவியர் பூஷே 1756-ல் வரைந்த பொம்பதூர் சீமாட்டி ஓவியத்தில் அது துல்லியமாகத் தெரியும்.

படி 6: கழுத்தும் தலையும்

இதைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம். வண்டிச் சக்கரம் மாதிரி கழுத்தில் நிற்கும் 'ரஃப்', கஞ்சி போடத் தெரிந்த 1560-களுக்குப் பிறகுதான் பெரிதாயிற்று. ஹாலந்தில் மட்டும் 1630-கள் வரை தொடர்ந்தது. மற்ற இடங்களில் அது சரிந்து தோளில் படியும் லேஸ் காலர் ஆனது. நெற்றிக்கு மேல் கோபுரமாக எழுந்த முடி 1770-கள். காதோரம் சுருள் கொத்து 1830-கள். நடு வகிடு எடுத்துக் காதை மூடிய முடி 1840-கள், 50-கள். நெற்றியில் சுருட்டிய முன்முடி 1880-கள். காது வரை எலும்பு வைத்து நிறுத்திய லேஸ் கழுத்து 1900-கள். புருவம் வரை இறங்கும் மணித்தொப்பி 1920-கள்.

படி 7: நிஜ உடை கையில் இருந்தால்

உள்பக்கத்தைத் திருப்புங்கள். வெளிப்பக்கம் மற்றவர்களுக்கு, உள்பக்கம் உங்களுக்கு.

முதலில் துணிக்கும் உடைக்கும் ஒரே தேதி என்று எண்ணாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் தையல் கூலியைவிடப் பட்டுக்கு ஆகும் செலவு பல மடங்கு. அதனால் 1740-களின் பட்டைப் பிரித்து 1780-களின் பாணியில் மறுபடி தைப்பார்கள். பிரிக்க வசதியாகத்தான் பாவாடைத் தையல்களை நீள நீளமாகப் போட்டார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். ஒரு பாட்டியின் உடை பேத்திக்கு மாறிய தடம் அது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களுக்குப் பட்டு டிசைன் வரைந்த ஆன்னா மரியா கார்த்வெய்ட்டின் நூற்றுக்கணக்கான தாள்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலவற்றில் தேதியும் உண்டு. அதனால் சில பட்டுகளை இன்ன வருஷம் நெய்தது என்றே சொல்ல முடிகிறது.

முன்பக்கம் கொக்கியும் இல்லை, பொத்தானும் இல்லை, எப்படி மாட்டினாள் என்று திகைத்தால் அது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டு. குண்டூசி குத்தித்தான் உடுத்தினார்கள். விளிம்போரம் பொடிப் பொடியாக ஊசித் தடம் இருக்கும்.

மெஷின் தையல் என்றால் 1850-களுக்கு முன்னால் இல்லை. சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851. ஆனால் கைத்தையல் என்பதால் மட்டும் அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. நீளத் தையலை மெஷினில் போட்டு, மற்றதைக் கையால் முடிப்பது வெகுகாலம் நடந்தது. ஜிப் இருந்தால் 1930-கள் அல்லது அதற்குப் பிறகு.

நிறமும் பேசும். 1856-ல் 18 வயது வில்லியம் பெர்கின் லண்டனில் மலேரியா மருந்து செய்யப் போய், கரித்தாரில் இருந்து ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். அடுத்த மூன்று வருஷத்துக்குள் மெஜந்தாவும் வந்தது. கண்ணைப் பறிக்கும் ரசாயன மெஜந்தா உடையை 1859-க்கு முன்னால் வைக்காதீர்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து வரும் பட்டைத் தொடும்போது மிகவும் கவனம். பட்டின் பிசினை நீக்கினால் எடை குறையும். அந்த எடையை ஈடுகட்ட உலோக உப்பில் நனைத்தார்கள். அன்று கனமாகச் சலசலத்த அதே பட்டு இன்று மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, கையில் எடுத்தால் உதிர்கிறது. அப்படிப்பட்டதை விரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். மாட்டியும் தொங்கவிடாதீர்கள். அமிலம் இல்லாத தாள் வைத்து, மடிப்பு விழாமல் படுக்க வையுங்கள்.

படி 8: உடுத்தியவள் யார்?

ஒரு தடவை ஒரு மூதாட்டியின் ஃபோட்டோவைப் பார்த்து, தாழ்ந்த தோள் தையல், நடு வகிடு, வெள்ளைத் தொப்பி எல்லாம் வைத்து 1850 என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். முதல் படியை மறந்த குற்றம். அது கேபினட் கார்டு, 1866-க்குப் பிறகுதான் இருக்க முடியும். அந்த அம்மா தன் நாற்பது வயதில் பழகிய உடையை அறுபதிலும் விடவில்லை. இளம்பெண்ணின் உடை படத்தின் தேதியைச் சொல்லும். வயதானவரின் உடை பல நேரம் அவருடைய நடுவயதின் தேதியைச் சொல்லும். குடும்பப் படம் என்றால் அதில் இருப்பவர்களிலேயே திருமணம் ஆகாத, பதினெட்டு இருபது வயதுப் பெண்ணைப் பார்த்துக் கணியுங்கள்.

துக்க உடையும் அப்படி. கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்த பிறகு விக்டோரியா ராணி 1901-ல் தான் இறக்கும் வரை கறுப்பை விடவில்லை. மங்கலான, பளபளப்பே இல்லாத கறுப்பு கிரேப் துணியும், கரிய ஜெட் கல் நகையும் இருந்தால் அது துக்கம். பளபளக்கும் கறுப்புப் பட்டு வெறும் நல்ல உடையாக இருக்கலாம்.

வேலைக்காரப் பெண்கள், விவசாயிகள் என்றால் பத்துப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள். எஜமானியின் பழைய உடை அவர்களுக்கு வந்து சேரும். சட்டமும் தடை போட்ட காலம் உண்டு. 1574-ல் எலிஸபெத் வெளியிட்ட ஆணையின்படி ஊதாப் பட்டும் தங்க ஜரிகைத் துணியும் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும்தான்.

படி 9: ஒரு படத்தில் முழுவதும் செய்து பார்ப்போம்

என்னிடம் இருக்கும் ஒரு கேபினட் கார்டு. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், நாற்காலியின் முதுகில் கை வைத்து, பாதி பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள். உடை கறுப்பாகத் தெரிகிறது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அட்டை 1866-க்குப் பிறகு. பாவாடையில் கூண்டும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. ஆகவே 1877–82, அல்லது 1889-க்குப் பிறகு. ரவிக்கை இடுப்பிலேயே முடிகிறது, தொடை வரை இறங்கவில்லை. 1877–82 அடிபட்டுப் போகிறது. தோளைப் பார்த்தேன். ஒட்டிய கை, ஆனால் மேட்டில் அந்தக் கிள்ளித் தூக்கிய சின்னக் கூர்ப்பு. பலூன் இன்னும் வரவில்லை. நிமிர்ந்த காலர், நெற்றியில் சுருள் முடி, இரண்டும் ஒத்துப்போகின்றன. வயதும் இளமை, பழைய பாணியைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

பின்னால் '1885' என்று எழுதியிருந்தது. ஒரு நிமிஷம் தயங்கினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது பால்பாயிண்ட் பேனா எழுத்து. அந்தப் பேனா 1940-களில்தான் விற்பனைக்கு வந்தது. யாரோ பேரப்பிள்ளை நினைவில் இருந்து எழுதியது. தோள் கூர்ப்பு சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். படத்தை வைத்த உறையின் மேல், மென்மையான பென்சிலால் '1889–1892' என்று எழுதி, அதற்குக் கீழே 'கை' என்று காரணத்தையும் குறித்து வைத்தேன்.